டிசம்பர் குளிரில் ஐரோப்பா: எங்கே சாப்பிடலாம், எங்கே உட்காரலாம்?

வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை கிறிஸ்துமஸ், புத்தாண்டு லீவைப் பற்றியவை. மகனோ மகளோ ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ வேலை பார்க்கிறார்கள், டிசம்பரில் வரச் சொல்கிறார்கள், அங்கே என்ன சாப்பிடுவது, எங்கே உட்கார்ந்து சூடாக எதையாவது குடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். டிசம்பர் கடைசியில் அங்கே நல்ல சாப்பாடு அமைவதும் அமையாமல் போவதும் எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்பதைவிட எந்த நாளில், எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் கீழே தேதியையும் நேரத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: டிசம்பர் 15-க்கு மேல் ஜெர்மனி போகிறோம். நான், கணவர், 6 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கிறிஸ்துமஸ் சந்தையில் நின்று சாப்பிட வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசையே. எந்த ஊர்ச் சந்தைக்குப் போகலாம்? (வாசகி, கோவை)

பதில்: ஒரே ஒரு ஊர்தான் முடியும் என்றால் நியூரம்பெர்க். ஹவுப்ட்மார்க்ட் சதுக்கம் முழுக்க சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரையோடு மரக்கடைகள் வரிசையாக நிற்கும். அங்கே முதலில் சாப்பிட வேண்டியது அந்த ஊர்ச் சின்ன சாஸேஜ். ஒன்று 7 முதல் 9 சென்டிமீட்டர்தான் இருக்கும், மார்ஜொரம் இலை சேர்த்து பீச் மர நெருப்பில் சுடுகிறார்கள், ஒரு சின்ன ரொட்டிக்குள் மூன்றை அடுக்கிக் கொடுப்பார்கள். 'ட்ரை இம் வெக்லா' என்று கேட்டால் போதும். பன்றி இறைச்சி என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அப்புறம் லேப்கூகன், மசாலா வாசனையோடு கேக் மாதிரி இருக்கும் பிஸ்கட். இதில் 'எலிசன்' என்று பெயர் போட்டதை மட்டும் வாங்குங்கள், விலை கூடத்தான், ஆனால் அந்தப் பெயர் போட வேண்டுமென்றால் குறைந்தது 25 சதவீதம் பாதாம், வால்நட் போன்ற கொட்டைப் பருப்புகள் இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கடித்ததும் அந்த வித்தியாசம் தெரியும். இதயம் மாதிரி வெட்டி, மேலே சர்க்கரையால் எழுதித் தொங்கவிட்டிருப்பார்களே, அது கழுத்தில் மாட்டிப் படம் எடுக்கத்தான் நன்றாக இருக்கும். சாப்பிட அதை வாங்காதீர்கள்.

பிள்ளைகள் இருப்பதால் பக்கத்திலேயே ஹான்ஸ் சாக்ஸ் சதுக்கத்தில் இருக்கும் குழந்தைகள் சந்தைக்கும் போய்விடுங்கள். ராட்டினம் உண்டு, கூட்டமும் கொஞ்சம் குறைவு.

நேரம்தான் முக்கியம் என்றேன் அல்லவா? வெள்ளி, சனி மாலைகளை விட்டுவிடுங்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நகரவே முடியாது, சாப்பிடுவது அப்புறம். திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாள், மதியம் 3 மணிக்குப் போய்ச் சேருங்கள். டிசம்பரில் அங்கே 4 மணியைத் தாண்டியதும் பொழுது சாய்ந்துவிடும். வெளிச்சம் இருக்கும்போதே வரிசையில் நிற்காமல் சாப்பிட்டு முடித்துவிட்டால், விளக்குகள் எரிவதை நிதானமாகப் பார்த்துவிட்டு, ஆபீஸ் முடிந்து கூட்டம் உள்ளே வரும் 6 மணிக்கு நீங்கள் வெளியே வந்துவிடலாம்.

இரண்டாவது ஊருக்கு நேரம் இருந்தால் டிரெஸ்டன். 1434-லேயே குறிப்பு உள்ள சந்தை அது. அங்கே ஷ்டோலன் என்னும் உலர்பழ ரொட்டிதான் எல்லாம். மேற்குப் பக்கம் தங்குகிறீர்கள் என்றால் எல்லை தாண்டி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் போய் வரலாம், 1570-லிருந்து நடக்கும் சந்தை. வெண்ணெயும் மசாலாவும் சேர்ந்த 'ப்ரேடலே' என்னும் சின்னச் சின்ன பிஸ்கட்களைக் கலந்து எடை போட்டு வாங்கிக்கொண்டு நடந்துகொண்டே சாப்பிட அந்த ஊர்த் தெருக்களைவிட நல்ல இடம் இல்லை.

முக்கியமாக, ஜெர்மன் சந்தைகளில் பெரும்பாலானவை 23 அல்லது 24-ஆம் தேதியோடு முடிந்துவிடும். நியூரம்பெர்க், டிரெஸ்டன் இரண்டும் 24 மதியம் 2 மணிக்கு மூடிவிடுகின்றன. கிறிஸ்துமஸ் அன்று கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போகலாம் என்று கிளம்பி, ஆட்கள் கடைகளைக் கழற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. நீங்கள் 15-க்கு மேல் போவதால் சந்தையை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், மியூசியமும் கோட்டையும் பிறகு.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. சந்தையில் எங்களுக்கு ஏதாவது உண்டா, அல்லது ரூமிலேயே ரவை கிளறிச் சாப்பிட வேண்டியதுதானா? (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: தாராளமாக உண்டு, ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடக்கூடியது மரோனி, அதாவது சுட்ட செஸ்ட்நட். ஓட்டில் கீறல் போட்டு, இரும்பு அடுப்பில் சுட்டு, காகிதப் பொட்டலத்தில் தருவார்கள். வியன்னாவில் அதே அடுப்பில் உருளைக்கிழங்கும் சுட்டுத் தருவார்கள். அடுத்தது சர்க்கரையில் வறுத்த பாதாம். அதை வாங்குவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள், பிள்ளைகள் இருந்தால் கட்டாயம். செப்புப் பாத்திரத்தில் தண்ணீர், சர்க்கரை, பட்டைத்தூள், பாதாம் எல்லாம் ஒன்றாகக் கொதிக்கும். தண்ணீர் வற்றியதும் சர்க்கரை மணல் மாதிரி பொரிந்து பருப்பில் வறண்டு ஒட்டும், கெட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும். கடைக்காரர் கிளறுவதை நிறுத்த மாட்டார். அந்த மணல் மறுபடி இளகி பளபளவென்று பழுப்பாகப் பிடிக்கும் நேரத்தில் தட்டில் கொட்டுவார். அந்தத் தட்டிலிருந்து வாங்குங்கள், முன்னாடியே கட்டி வைத்த பொட்டலத்தை வாங்காதீர்கள்.

வயிறு நிறைய வேண்டும் என்றால் லாங்கோஷ் என்னும் ஹங்கேரியப் பொரித்த ரொட்டி இருக்கிறது, பூண்டும் புளிப்புக் க்ரீமும் சீஸும் தடவித் தருவார்கள். மாவில் முட்டை உண்டா என்று மட்டும் கேளுங்கள், கடைக்குக் கடை மாறும். காளானைப் பெரிய வாணலியில் வதக்கி பூண்டு சாஸோடு தரும் கடை அநேகமாக எல்லாச் சந்தையிலும் இருக்கும். சாஸ் பெரும்பாலும் மயோனைஸ்தான், அதனால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உருளைக்கிழங்கைத் துருவிப் பொரிக்கும் 'ரைபகூகன்' ஆப்பிள் கூழோடு பிரமாதமாக இருக்கும், ஆனால் மாவில் வழக்கமாக முட்டை சேர்ப்பார்கள். சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே என்னும் நூடுல்ஸும் முட்டை மாவில் செய்ததுதான். முட்டை சாப்பிடுகிற சைவ வாசகர்களுக்கு இந்த இரண்டும் விருந்து.

இப்போது எச்சரிக்கை. 'ஷ்மால்ஸ்' என்று பலகையில் எழுதியிருந்தால் அது பன்றிக் கொழுப்பு. ரொட்டியில் வெள்ளையாகத் தடவித் தருவதை வெண்ணெய் என்று நினைத்துவிடாதீர்கள். ஷ்மால்ஸ்கூகன் என்னும் குட்டிக் குட்டிப் பொரித்த மாவுருண்டைகள் முன்பு அந்தக் கொழுப்பில்தான் பொரிக்கப்பட்டன. இப்போது நிறையப் பேர் எண்ணெய்க்கு மாறிவிட்டார்கள், ஆனாலும் கேளுங்கள். சிவப்புக் கோஸ் வதக்கல், சில இடங்களில் ப்ரெட்ஸல் மாவு, இவற்றிலும் கொழுப்பு சேர்வது உண்டு. பீட்சா மாதிரி மெல்லிசாகச் சுடும் ஃப்ளாம்கூகனில் வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும், காய்கறி போட்டதும் கிடைக்கும். சூப்புகளில் காய்கறி மிதந்தாலும் அடியில் இருப்பது இறைச்சிச் சாறாக இருக்கலாம், வியன்னாவில் முக்கியமாக. 'ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக், ஓனே ஐ' என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இறைச்சி, பன்றித் துண்டு, முட்டை மூன்றும் வேண்டாம் என்று அர்த்தம். இதைக் கேட்டு முகம் சுளிக்கிற கடைக்காரரை நான் பார்த்ததில்லை.

மியூனிக் பக்கம் போனால் டோல்வுட் குளிர்கால விழாவுக்குப் போங்கள். தெரேஸியன்வீஸ மைதானத்தில் நடக்கும், உணவு முழுக்க இயற்கை விவசாயச் சான்று பெற்றது, சைவம், வீகன் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கூடாரங்களுக்குள் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது இன்னொரு வசதி.

கேள்வி: எல்லோரும் கையில் சூடான கோப்பையோடு நிற்கும் படங்களைப் பார்க்கிறேன். அது ஒயின் என்கிறார்கள். குடித்தால் குளிர் தெரியாதாமே? மது குடிக்காதவர்களுக்கு என்ன? (வாசகி, திருச்சி)

பதில்: அது க்ளூவைன். சிவப்பு ஒயினில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், அன்னாசிப்பூ போட்டு, கொதிக்கவிடாமல் சூடாக்குவது. வாசனை நமக்குப் பழக்கமான வாசனையாக இருப்பதால் பலரும் ஏதோ கஷாயம் என்று நினைத்து மடமடவென்று குடித்துவிடுகிறார்கள். ஐரோப்பிய விதிப்படி அதில் குறைந்தது 7 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும், 14.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பீரைவிட அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மிட் ஷூஸ்' என்றால் அதற்கு மேல் ரம்மோ அமரெட்டோவோ ஊற்றித் தருவார்கள்.

குளிர் தெரியாது என்பது பாதி உண்மைதான். ஆல்கஹால் தோலுக்கடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரியச் செய்யும், அதனால் முகமும் கையும் சூடாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் உடம்பின் உள்சூடு அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். குடித்துவிட்டுக் கோட்டின் பொத்தானைக் கழற்றிவிட்டு நிற்பவர்களுக்கு அரை மணி நேரம் கழித்து நடுக்கம் வருவது இதனால்தான். குடிப்பவர்கள் சாப்பிட்டுவிட்டுக் குடியுங்கள், ஒன்றோடு நிறுத்துங்கள். வாடகைக் கார் எடுத்திருந்தால் ஒன்றுகூட வேண்டாம். ஜெர்மனியில் வரம்பு ரத்தத்தில் 0.5 புரோமில், அதாவது ஆயிரத்தில் அரைப் பங்கு ஆல்கஹால், 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கும் பூஜ்யம்.

குடிக்காதவர்களுக்கு 'கிண்டர்புன்ஷ்' கேளுங்கள். பழச்சாறில் அதே மசாலாவைப் போட்டுச் சூடாக்கியது, பெரியவர்களும் தயங்காமல் வாங்குவார்கள். வெறும் 'புன்ஷ்' என்று கேட்டுவிடாதீர்கள், அதில் மது இருக்கும். நல்ல கடைகளில் சூடான ஆப்பிள் சாறும் உண்டு.

கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், ஊரைப் பொறுத்து 2 யூரோவிலிருந்து 5 யூரோ வரை. திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். பல ஊர்களில் வருஷத்துக்கு ஒரு புதுப் படம் போட்டுக் கோப்பை செய்கிறார்கள், பிடித்திருந்தால் முன்பணத்தை விட்டுவிட்டுக் கோப்பையை வைத்துக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைவுப்பொருள் கடையில் வாங்குவதைவிட இது நல்ல யோசனை.

கேள்வி: டிசம்பர் 24, 25 தேதிகளில் எல்லாமே மூடிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா? ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹோட்டலில் தங்குகிறோம், சமைக்க வசதி இல்லை. (வாசகர், மதுரை)

பதில்: பயமுறுத்தியவர்கள் உங்கள் நலம் விரும்பிகள். ஜெர்மனியில் 24-ஆம் தேதி மதியம் 2 மணிக்கெல்லாம் கடைகள் மூடிவிடும், 25, 26 இரண்டும் அரசு விடுமுறை, அடுத்து ஞாயிறு வந்துவிட்டால் தொடர்ந்து மூன்று நாள் சூப்பர் மார்க்கெட் கிடையாது. 24 இரவு குடும்பங்கள் வீட்டுக்குள் இருக்கும் இரவு. நிறைய வீடுகளில் அன்றைக்கு உருளைக்கிழங்கு சாலட்டும் சாஸேஜும்தான் சாப்பாடு, சமையலில் நேரம் போகக்கூடாது என்று. சமையல்காரரும் பரிமாறுபவரும் தங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று உணவகங்கள் மூடுவதில் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அது தெரியாமல் போய் நிற்கும் பயணிக்கு அந்த இரவு நீளமானது.

என்ன செய்யலாம்? 23-ஆம் தேதியே ரொட்டி, பழம், சீஸ், தயிர், தண்ணீர் வாங்கி ரூமில் வைத்துவிடுங்கள். 24 இரவுக்கு உங்கள் ஹோட்டலிலேயே சாப்பாடு உண்டா என்று இப்போதே மெயில் போட்டுக் கேளுங்கள், பெரிய ஹோட்டல்களில் அன்றைக்கு ஒரு நிலையான மெனு வைப்பார்கள், முன்பதிவு இல்லாமல் கிடைக்காது. 25, 26 மதியம் கதையே வேறு. அந்த இரண்டு நாளும் ஜெர்மன் குடும்பங்கள் பாட்டி தாத்தாவோடு வெளியே போய்ச் சாப்பிடும் நாட்கள். வாத்து வறுவல், சிவப்புக் கோஸ், மாவு உருண்டை என்று பாரம்பரிய உணவகங்கள் நிரம்பி வழியும், நவம்பரிலேயே மேஜை போய்விடும். பதிவு செய்திருந்தால் அந்த மதியச் சாப்பாடு உங்கள் பயணத்திலேயே நல்ல சாப்பாடாக இருக்கலாம், அதனால் அதற்கு முயற்சி செய்யுங்கள். பதிவு கிடைக்கவில்லையா, துருக்கிய, வியட்நாமிய, சீன, இந்திய உணவகங்களில் பல திறந்திருக்கும், போவதற்கு முன் போன் செய்யுங்கள். இணையத்தில் காட்டும் வழக்கமான நேரத்தை அந்த நாட்களில் நம்ப வேண்டாம். அவசரத்துக்கு ஃபிராங்க்ஃபர்ட் மாதிரி பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் சில திறந்திருக்கும், பெட்ரோல் பங்க்கிலும் சாண்ட்விச் கிடைக்கும்.

லண்டன் போகிறவர்களும் இதைக் கேட்டிருந்தீர்கள். அங்கே உணவகத்தைவிடப் போக்குவரத்துதான் சிக்கல். டிசம்பர் 25 அன்று மெட்ரோ, ரயில், பஸ் எதுவும் ஓடாது. நடந்து போகும் தூரத்தில் ஓர் இடத்தைப் பதிவு செய்யுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: அப்பா அம்மாவை வியன்னாவுக்கு அழைத்துப் போகிறேன், இருவருக்கும் 70 வயதுக்கு மேல். குளிரில் நின்றுகொண்டு சாப்பிட அவர்களால் முடியாது. (வாசகர், சென்னை)

பதில்: தம்பி, நீங்கள் சரியான ஊரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். குளிர்காலத்தில் வயதானவர்களை உட்காரவைத்துப் பார்த்துக்கொள்ள வியன்னா காபி ஹவுஸ் மாதிரி ஓர் இடம் கிடையாது. ஒரு காபி வாங்கிவிட்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம், பில்லை நீங்கள் கேட்கும்வரை யாரும் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். 2011-ல் இந்த காபி ஹவுஸ் பண்பாட்டையே ஆஸ்திரியா தன் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

பெயர் பெற்றது கஃபே சென்ட்ரல், 1876-ல் தொடங்கியது, வளைவுகளும் தூண்களுமாக உள்ளே ஒரு அரண்மனை. டிசம்பரில் வாசலில் வரிசை தெருவரைக்கும் வரும். பெற்றோரை அந்த வரிசையில் நிற்கவைக்காதீர்கள். முன்பதிவு கிடைத்தால் போங்கள், இல்லையென்றால் விட்டுவிட்டு கும்பென்டோர்ஃபர் தெருவில் இருக்கும் கஃபே ஷ்பெர்ல் போங்கள். 1880-லிருந்து இருக்கிறது, பழைய மெத்தை நாற்காலி, பில்லியர்ட்ஸ் மேஜை, மரச்சட்டத்தில் செருகிய செய்தித்தாள்கள், பெரிய ஜன்னல்கள். என் ஓட்டு இதற்குத்தான். காலை 10 மணி வாக்கில் ஜன்னலோர இடம் கிடைக்கும்.

'மெலாஞ்ச்' கேளுங்கள், நம் ஊர் பால் காபிக்குப் பழகிய நாக்குக்கு அதுதான் ஒத்துவரும். வெள்ளிநிற நீள்வட்டத் தட்டில் கோப்பையும், பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரும் வரும், தம்ளரின் வாய்மேல் கரண்டியைக் குப்புற வைத்திருப்பார்கள். தண்ணீருக்குத் தனிக் காசு இல்லை. அது ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து 1873-ல் போட்ட குழாய்வழி வரும் நகரத் தண்ணீர், அம்மா அப்பா தயங்காமல் குடிக்கலாம். சூடு போதவில்லை என்று நம்மவர்கள் எல்லோருமே சொல்வார்கள், ஆர்டர் கொடுக்கும்போதே நன்றாகச் சூடாக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

சாஹர் டோர்ட்டே எங்கே சாப்பிடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். சாஹர் ஹோட்டலும் டெமல் கடையும் 'நாங்கள்தான் அசல்' என்று கோர்ட் வரை போனார்கள், இன்று இரண்டு இடத்திலும் கிடைக்கிறது. உண்மையைச் சொன்னால் அந்த சாக்லேட் கேக் கொஞ்சம் வறண்டதுதான், கூட வரும் இனிப்பில்லாத க்ரீமைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். பெரியவர்களுக்கு அதைவிட ஆப்பிள் ஷ்ட்ரூடல் மெதுவாக, சூடாக இருக்கும். மாலையில் கஃபே ஹவெல்கா பக்கம் இருந்தால் ப்ளம் ஜாம் வைத்து அவித்தது மாதிரி மெத்தென்று சுட்ட 'புஹ்டெல்ன்' பன் அடுப்பிலிருந்து நேரே வரும். தித்திப்பு அளவாக இருக்கும், சர்க்கரை நோய் இருந்தால் பாதிதான்.

சந்தையை அவர்கள் பார்க்கவே வேண்டாமா என்றால், ஷோன்ப்ருன் அரண்மனை முன்னால் இருப்பது சமதளமான, விசாலமான இடம், பகலில் அரை மணி நேரம் போதும். அது புத்தாண்டைத் தாண்டியும் நடக்கும். நகரமன்றத்துக்கு முன்னால் நடப்பது 26-ஆம் தேதி வரை உண்டு, மாலையில் நெரிசல் அதிகம்.

கேள்வி: சுவிஸ் போனால் ஃபாண்டு சாப்பிடாமல் வரக்கூடாது என்கிறான் நண்பன். ஆளுக்கு ஒரு மாதத் தங்கும் செலவு கேட்கிறார்கள் போல இருக்கிறதே? (வாசகர், சேலம்)

பதில்: ஃபாண்டு என்றால் சட்டியில் உருக்கிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவது. ஜெனீவாவில் 'பேன் தெ பாக்கீ' என்று ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய குளியல் துறை ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் அங்குள்ள சாதாரண சாப்பாட்டுக்கூடத்தில் ஃபாண்டு கொடுக்கிறார்கள், க்ரெமான் என்னும் நுரைக்கும் ஒயின் சேர்த்துச் செய்வது அவர்கள் பாணி. பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டும், உள்ளூர் ஆட்கள்தான் அதிகம், ஏரியோர ஹோட்டல்களைவிடச் செலவு ரொம்பக் குறைவு. முன்பே போன் செய்துவிட்டுப் போங்கள். கையில் ஃபிராங்க் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற இடங்களில் 'மொவாத்தியே மொவாத்தியே' கேளுங்கள், க்ரூயேர் சீஸும் ஃப்ரிபூர் வாஷெரன் சீஸும் பாதிப் பாதி. சட்டியின் அடியில் கடைசியாகப் பிடித்திருக்கும் முறுகலைச் சுரண்டிப் பங்கு போடுங்கள், அதை விட்டுவிட்டு எழுந்தவர்கள் பாதிச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தவர்கள். சைவர்கள் கவனிக்க: ஒயின் இல்லாத ஃபாண்டு அபூர்வம், க்ரூயேர் சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால்தான் உறையவைக்கிறார்கள்.

கேள்வி: புத்தாண்டு இரவுக்கு மாட்ரிட். எங்கே நிற்கலாம், என்ன சாப்பிடலாம்? (நண்பர்கள் நால்வர், பெங்களூரு)

பதில்: நள்ளிரவில் புவெர்தா தெல் சோல் சதுக்கத்து மணி அடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு திராட்சையாக 12 திராட்சை சாப்பிட வேண்டும், அதுதான் அங்கே புத்தாண்டு. 12-க்கு முன்னால் கால்மணி ஓசைகள் நான்கு வரும், புதிதாக வந்தவர்கள் அதற்கே சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள், நீங்கள் பொறுங்கள். விதையும் தோலும் எடுத்து 12 திராட்சையாக அடைத்த டப்பாவே கடையில் கிடைக்கும், அதை வாங்குங்கள், அடிக்கு அடி மூன்று விநாடிதான் இடைவெளி. சதுக்கத்துக்குள் அளவாகத்தான் ஆட்களை விடுவார்கள். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு நல்ல வழி 30-ஆம் தேதி இரவு, மணி ஒத்திகை நடக்கும், உள்ளூர்க்காரர்கள் அன்றைக்கே வந்து கொண்டாடிவிட்டுப் போவார்கள்.

அப்புறம் சுர்ரோஸ். சதுக்கத்திலிருந்து நடக்கும் தூரத்தில் 1894-லிருந்து இருக்கும் சாக்கொலத்தேரியா சான் ஹினேஸ். மாவு, தண்ணீர், உப்பு மூன்றையும் பிசைந்து முறுக்குப் பிழிவது போல அச்சில் பிழிந்து எண்ணெயில் பொரிப்பது, கெட்டியான சாக்லேட்டில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். முட்டை கிடையாது. ஜனவரி 1 விடியற்காலையில் ஊரே அங்கேதான் நிற்கும். வேறு நாள் காலையில் போனால் உட்கார்ந்தே சாப்பிடலாம்.

கேள்வி: பாரிஸில் நல்ல ஹாட் சாக்லேட்? (வாசகி, புதுச்சேரி)

பதில்: ரிவோலி தெருவில் ஆஞ்செலினா, 1903-லிருந்து. கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டி. இருவருக்கு ஒன்று போதும். திறந்தவுடன் போங்கள். உணவகங்களில் 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், பாட்டில் வாங்கத் தேவையில்லை. ஜெர்மனியில் அந்த வழக்கம் இல்லை.

கேள்வி: எனக்கு லீவே ஜனவரி 2-க்கு மேல்தான். எல்லாம் முடிந்திருக்குமே? (வாசகி, ஈரோடு)

பதில்: சந்தைகள் பெரும்பாலும் முடிந்திருக்கும், சாப்பாடு முடியாது. ஸ்பெயினில் பண்டிகையே ஜனவரி 6 வரைக்கும். 5-ஆம் தேதி மாலை ஊர்வலம், 6 காலையில் 'ரோஸ்கோன்' என்னும் வளைய ரொட்டி. பிரான்சில் அதைவிட எனக்குப் பிடித்தது உண்டு. ஜனவரி முழுக்க எந்தத் தெரு பேக்கரியிலும் 'கலெத் தெ ருவா' கிடைக்கும், அடுக்கடுக்கான பேஸ்ட்ரிக்குள் பாதாம் பூரணம். உள்ளே ஒரு சின்னப் பீங்கான் பொம்மையை ஒளித்து வைத்திருப்பார்கள். துண்டு போட்டதும் வீட்டில் சின்னப் பிள்ளை மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்லும், பொம்மை யாருக்கு வருகிறதோ அவர்தான் அன்றைக்கு ராஜா. உங்களோடு பிள்ளைகள் வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ரூமுக்கு வாங்கிப் போய் விளையாடுங்கள், பொம்மை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், கடித்தால் பல் போய்விடும். வாங்கும்போது காகிதக் கிரீடம் கூடவே தருவார்கள், தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் சூடாக்கிக் கொடுக்கச் சொன்னாலும் செய்வார்கள்.